தேனீயின் மூளை எப்படிக் கற்கிறது? கிராம்பு எண்ணெயும் சர்க்கரைத் தண்ணீரும் வைத்து ஓர் அறிமுகம்

ரப்பர் மரம் இலை உதிர்த்து, புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிர் முற்றத் தொடங்கும் வாரங்களில்தான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கத்துத் தேன்பெட்டிகள் நிறைகின்றன. அந்தத் தேன் பூவிலிருந்து வருவதில்லை. ரப்பரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் சின்னச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீ உறிஞ்சிக்கொண்டு போகிறது. அங்கே இதழ் இல்லை, பூவுக்குரிய நிறமும் இல்லை. போன வாரம் வரை தென்னம்பாளையில் வேலை செய்துகொண்டிருந்த அதே தேனீக்கு, இனி இலைக்காம்புக்குப் போக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

“இயற்கை அறிவு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை. விலங்கு நடத்தையைப் படிக்கிறவர்கள் முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்வார்கள். நிக்கோ டின்பெர்கன் 1963இல் அதை நான்காகப் பிரித்தார்: இந்த நடத்தையை உடலுக்குள் எது இயக்குகிறது, ஓர் உயிரின் வாழ்நாளில் இது எப்படி உருவாகிறது, இதனால் அந்த உயிருக்கு என்ன ஆதாயம், பரிணாமத்தில் இது எந்த வழியாக வந்தது. நான்கும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கான விடையை இன்னொன்றுக்குச் சொல்லக் கூடாது. தேர்வுத்தாளில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். “தேனீ ஏன் பூவின் மணத்தை நினைவில் வைக்கிறது?” என்ற கேள்விக்கு “உணவு கிடைக்க” என்று எழுதினால் அது மூன்றாவது கேள்விக்கான விடை. இந்தக் கட்டுரை முதல் கேள்வியோடு நிற்கிறது: மூளைக்குள் என்ன நடக்கிறது?

கற்றல் என்று எதைச் சொல்வது?

அனுபவத்தால் நடத்தை மாற வேண்டும். அந்த மாற்றம் சிறிது காலமாவது நிலைக்க வேண்டும். இது பாடப்புத்தக வரையறை. இதை மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குள் போனால் ஏமாந்துபோவோம். ஏனென்றால் நடத்தை மாறுவதற்குக் கற்றலைத் தவிர வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன. பசி எடுத்தால் மாறும், தாகம் எடுத்தால் மாறும். களைத்தால், குளிர்ந்தால், மிரண்டால் மாறும். இப்போதுதான் சர்க்கரை ருசித்த தேனீ, அடுத்த சில நொடிகளுக்கு எந்த மணம் வந்தாலும் நாக்கை நீட்டும். அது எதையும் கற்றுக்கொள்ளவில்லை; கிளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதைத்தான் கற்றல் என்று சொல்ல முடியும். கீழே வரும் பரிசோதனையில் முக்கால்வாசி வேலை இந்த விலக்கும் வேலைதான்.

கற்றலில் பல வகை உண்டு. நாம் பார்க்கப்போவது தொடர்புக் கற்றல்: ஒரு பொருளற்ற அறிகுறியும் ஒரு பரிசும் அடுத்தடுத்து வந்தால், அறிகுறி வந்ததுமே பரிசை எதிர்பார்ப்பது. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் நாயில் காட்டியது இதைத்தான். தேனீயில் இதைச் செய்வது நாயைவிடச் சுலபம், செலவும் கம்மி. ஒரு தேன்பெட்டி பக்கத்தில் இருந்தால் போதும். நம் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

நாக்கு நீட்டும் பரிசோதனை

தேனீயின் உணர்கொம்பில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் அது தன்னிச்சையாக நாக்கை நீட்டும். இது பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். சர்க்கரைக்குச் சற்று முன்னால் ஒரு மணத்தைக் காட்டினால், இரண்டு மூன்று முறைக்குள் மணத்துக்கு மட்டுமே நாக்கு நீள ஆரம்பிக்கும். குவாபரா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1957இல் நிறத்தை வைத்தும், தகேடா 1961இல் மணத்தை வைத்தும் இதைக் காட்டினார்கள். இன்று உலகெங்கும் பூச்சி மூளை ஆய்வில் இது அடிப்படைப் பயிற்சி. பெரும்பாலான ஆய்வுகள் இத்தாலியத் தேனீயில் நடந்தவை. நம்மூர்ப் பெட்டிகளில் இருக்கிற அடுக்குத் தேனீயிலும் இதே முறை வேலை செய்யும். உடல் சற்றுச் சிறியது என்பதால் குழாயின் அளவை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தேவையானவை: ஒவ்வொரு தேனீக்கும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, பனிக்கட்டி, ஜூஸ் குடிக்கும் பிளாஸ்டிக் குழாயை 3 செ.மீ. நீளத்துக்கு வெட்டிய துண்டுகள், 2 மி.மீ. அகலத்துக்குக் கீறிய ஒட்டுநாடா, பல் குத்தும் குச்சிகள், 20 மி.லி. ஊசிக்குழல்கள் (ஊசி வேண்டாம்), வடிதாள், கிராம்பு எண்ணெய், ஏலக்காய் எண்ணெய், சிறிய எக்ஸாஸ்ட் மின்விசிறி, நொடி காட்டும் கடிகாரம். 50 கிராம் வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து மொத்தம் 100 மி.லி. ஆக்கினால் அதுதான் பரிசு. அன்றன்று புதிதாகக் கரைக்க வேண்டும். நம் ஈரப்பதமான காற்றில் நேற்றைய கரைசல் புளித்துவிடும். கருப்பட்டி, தேன் இரண்டும் கூடாது. அவற்றுக்கே வாசனை உண்டு; அப்போது தேனீ எதைக் கற்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எந்த மணம் என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாறாமலையிலும் வேளிமலையிலும் விளையும் கிராம்பு இதற்குப் பொருத்தம்: அதன் எண்ணெயில் பெரும்பகுதி யூஜெனால் என்ற ஒரே பொருள், தேனீ அதை எளிதாகப் பிரித்தறியும். எலுமிச்சைப்புல் எண்ணெய் வேண்டாம். தேனீக்கள் ஒன்றையொன்று வாசலுக்கு அழைக்க விடுகிற மணத்திலுள்ள சிட்ரால் அதில் நிறைய இருக்கிறது. கற்பிக்காமலே தேனீ அதை நாடும். வாழைப்பழ எசன்ஸ் அதைவிட மோசம். பழுத்த வாழைப்பழ வாசனையின் முக்கியப் பொருளான ஐசோஅமைல் அசிட்டேட்தான் தேனீ கொட்டும்போது வெளிவிடுகிற அபாய மணத்திலும் இருக்கிறது. பெட்டியைத் திறக்கப் போகும்முன் மட்டிப்பழம் சாப்பிடாமல் இருப்பது நல்லது என்று சொல்வதற்கும் இதே காரணம்தான்.

ஊசிக்குழலுக்குள் ஒரு சொட்டு எண்ணெய் நனைத்த வடிதாள் துண்டைப் போட்டு, தண்டை 20 மி.லி. வரை இழுத்து வையுங்கள். தண்டைச் சீராக அழுத்தினால் மணக் காற்று வரும். எண்ணெய் ஒன்றுக்கு ஒரு குழல். மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. வடிதாளே இல்லாத வெறும் குழல் ஒன்றும் வேண்டும், ஏன் என்பது கீழே வரும்.

தேனீயைப் பிடிப்பது காலை வேளையில், பெட்டி வாசலில், வெளியே கிளம்புகிற வேலைக்காரத் தேனீக்களை. காலில் மகரந்தத்தோடு திரும்புகிறவற்றையும் கலந்து பிடித்தால் முடிவு சிதறும், ஏனென்றால் மகரந்தம் சேகரிக்கும் தேனீக்கள் மிக மெல்லிய சர்க்கரைக்கும் நாக்கை நீட்டும் இயல்புடையவை. ஒரு குப்பிக்கு ஒரு தேனீ. குப்பியைப் பனிக்கட்டியில் மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். கால் அசைவு நின்றதும் உடனே எடுத்துவிட வேண்டும். கூடுதல் குளிர் பட்டால் உயிர் பிழைக்கும், ஆனால் பாடம் ஏறாது. மயங்கிய தேனீயைக் குழாய்க்குள் வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி, கழுத்துக்குப் பின்னால் ஒட்டுநாடாவால் பிடித்து நிறுத்துங்கள். உணர்கொம்பு இரண்டும் வாய்ப்பகுதியும் தடையில்லாமல் அசைய வேண்டும். முன்னங்கால்கள் உள்ளேயே இருக்க வேண்டும்; ஒன்று வெளியே வந்தாலும் அது உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டே இருக்கும், மணம் பக்கம் திரும்பாது. தேனீக்கொடுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தக் கட்டத்தில் விலகி நிற்பது அவசியம். மயக்கம் தெளிய ஒரு நிமிடம்கூட ஆகாது. குழாயின் பின்பக்கத்தில் விரல் வைத்தால் கொட்டும்.

கட்டிய தேனீ ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துளி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஈரப் பஞ்சு வைத்த இருட்டுப் பெட்டியில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். அறை வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தால் நல்லது. சித்திரை வெயிலில் மேல்மாடி ஆய்வுக்கூடத்தில் வைத்தால் மதியத்துக்குள் பாதி செத்துப்போகும்.

அடுத்து வடிகட்டல். சர்க்கரை நனைத்த குச்சியால் உணர்கொம்பைத் தொடுங்கள், குடிக்க விடாதீர்கள். நாக்கு நீளாத தேனீக்குப் பசி இல்லை, அல்லது கட்டும்போது அடிபட்டிருக்கிறது, ஒதுக்கிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் தொடுங்கள். அதற்கும் நீட்டினால் அது தாகம். தண்ணீர் கொடுத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பல கல்லூரிகளில் இந்தத் தண்ணீர்ச் சோதனையை விட்டுவிடுகிறார்கள். பிறகு “எல்லாத் தேனீயும் கற்றுவிட்டது” என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள்.

பயிற்சி இப்படி: தேனீயை மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள், விசிறி காற்றைத் தேனீயிடமிருந்து வெளியே இழுக்கும் திசையில் இருக்க வேண்டும். 15 நொடி சும்மா விடுங்கள். பிறகு கிராம்பு மணம் 4 நொடி. மூன்றாவது நொடி முடியும்போது சர்க்கரைக் குச்சியால் உணர்கொம்பைத் தொட்டு, நாக்கு நீண்டதும் மூன்று நொடி குடிக்க விடுங்கள். மணமும் சர்க்கரையும் ஒரு நொடி ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். முடிந்தபின் 15 நொடி அங்கேயே விட்டுவிட்டு எடுங்கள். ஒரு தேனீக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் பத்துத் தேனீக்குப் பத்து நிமிடம். பத்தாவது முடிந்ததும் முதல் தேனீக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நிமிட இடைவெளி தற்செயலாக அமைந்ததல்ல. இடைவெளி ஒரு நிமிடமாகச் சுருங்கினால், முன்பு சொன்ன கிளர்ச்சி அடங்குவதற்குள் அடுத்த மணம் வந்துவிடும், நினைவும் நீடிக்காது. மூன்று முறை போதும்.

ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டியது ஒன்றே: சர்க்கரை படுவதற்கு முன், மணத்துக்கு மட்டும் நாக்கு நீண்டதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. முதல் முறையிலேயே 1 வந்தால் அந்தத் தேனீயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு அந்த மணம் வயலிலேயே பழக்கம். சரியாகச் செய்தால் முதல் முறை எல்லாம் பூஜ்யமாகவும், மூன்றாவது முறையில் பாதிக்கு மேல் 1 ஆகவும் வரும்.

இதோடு நிறுத்தினால் எதையும் நிரூபித்ததாகாது. இன்னும் மூன்று வேண்டும்.

வெறும் ஊசிக்குழல் காற்றை அடித்துப் பாருங்கள். அதற்கும் நாக்கு நீண்டால் தேனீ கற்றது மணத்தை அல்ல, முகத்தில் படும் காற்றை. ஏலக்காய் மணத்தைக் காட்டுங்கள். அதற்கும் அதே அளவு நீண்டால் கிராம்பு என்று தனியாக எதையும் கற்கவில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: இன்னொரு தொகுதித் தேனீக்களுக்கு அதே எண்ணிக்கையில் மணமும் அதே அளவு சர்க்கரையும் கொடுங்கள், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விட்டு. இந்தத் தேனீக்களும் அதே மணத்தை முகர்ந்தன, அதே சர்க்கரையைக் குடித்தன, அதே குழாயில் நின்றன. வித்தியாசம் நேரம் மட்டுமே. முதல் தொகுதி நாக்கை நீட்டி, இந்தத் தொகுதி நீட்டாவிட்டால், இரண்டையும் இணைத்ததுதான் காரணம் என்று அப்போதுதான் சொல்லலாம். தொகுதிக்கு 30 தேனீயாவது இல்லாமல் முடிவு சொல்ல வேண்டாம்.

வரிசையை மாற்றிப் பார்ப்பதும் பயனுள்ளது. சர்க்கரை முதலில், மணம் பிறகு என்று கொடுத்தால் தேனீ கற்பதில்லை. பரிசு வந்து போன பிறகு வரும் அறிகுறியால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது அல்லவா?

தலைக்குள்ளே

தேனீயின் மூளை சுமார் ஒரு கன மில்லிமீட்டர். ஏறத்தாழ 10 லட்சம் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி. இங்கே சொல்லும் எண்கள் இத்தாலியத் தேனீயில் எண்ணியவை.

மணம் முதலில் உணர்கொம்பில் படுகிறது. ஒவ்வொரு கொம்பிலும் சுமார் 60,000 மண உணர்வு நியூரான்கள். அவை மூளையின் முன்பகுதியிலுள்ள உணர்கொம்பு மடலில், சுமார் 160 சின்ன உருண்டைகளில் போய் முடிகின்றன. கிராம்புக்குச் சில உருண்டைகள் சேர்ந்து இயங்கும், ஏலக்காய்க்கு வேறு சில. ஆக, மணம் என்பது இங்கே எந்தெந்த உருண்டைகள் இயங்குகின்றன என்ற ஒரு கோலம். அங்கிருந்து சில நூறு நியூரான்கள் மட்டும் அந்தச் செய்தியை மூளையின் மேல்பகுதியில் இருக்கும் காளான் உடலங்களுக்கு எடுத்துப்போகின்றன. ஃபெலிக்ஸ் டுஜார்டான் 1850இலேயே இந்தப் பகுதியை விவரித்து, பூச்சியின் அறிவோடு இதைத் தொடர்புபடுத்தினார். வலம், இடம் ஒவ்வொன்றிலும் சுமார் 1,70,000 நியூரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

60,000, பிறகு சில நூறு, மறுபடி 1,70,000. ஏன் இப்படிக் குறுக்கி விரிக்க வேண்டும்? காளான் உடலத்தில் ஒரு மணத்துக்கு மிகச் சில நியூரான்களே இயங்கும். மற்றவை சும்மா இருக்கும். அத்தனை லட்சத்தில் சிலவே இயங்குவதால், ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு மணங்களுக்கும் வேறு வேறு நியூரான்கள் கிடைத்துவிடுகின்றன. பிச்சிப்பூவையும் மல்லிகையையும் பிரித்து நினைவு வைக்க இது வசதி.

சர்க்கரைச் செய்தி வேறு வழியாக வருகிறது. நாக்கிலும் உணர்கொம்பிலும் உள்ள சுவை நியூரான்கள் மூளையின் அடிப்பகுதிக்குப் போகின்றன. அங்கே இணை இல்லாத ஒற்றை நியூரான் ஒன்று இருக்கிறது; வியூஎம்எம்எக்ஸ்1 என்று பெயர். அதன் கிளைகள் உணர்கொம்பு மடல், காளான் உடலத்தின் வாய், பக்கவாட்டு மூளை என மணம் போகிற மூன்று இடங்களையும் தொடுகின்றன. மார்ட்டின் ஹாமர் 1993இல் வெளியிட்ட பரிசோதனையில் தேனீக்குச் சர்க்கரையே கொடுக்கவில்லை. மணத்தைக் காட்டி, உடனே இந்த ஒரு நியூரானை மட்டும் மின்னோட்டத்தால் தூண்டினார். அதன்பிறகு தேனீ அந்த மணத்தைக் கற்றதுபோலவே நடந்துகொண்டது. முதலில் தூண்டிவிட்டு மணத்தைப் பிறகு காட்டியபோது கற்கவில்லை. நடத்தையில் நாம் பார்த்த அதே வரிசை விதி, ஒரே ஒரு நியூரானிலும்! விலங்கு நடத்தைப் பாடம் நடத்துகிறவர்கள் இந்தப் பரிசோதனைக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினாலும் தகும்.

இந்த நியூரான் வெளியிடுவது ஆக்டோபமைன் என்ற வேதிப்பொருள். நம் உடலிலுள்ள நார்அட்ரினலினுக்கு வேதியியலில் உறவு. இன்னொரு தகவல் இதைவிடச் சுவையானது. பயிற்சி முடிந்தபின் அந்த நியூரான் கற்ற மணத்துக்கே துடிக்கத் தொடங்குகிறது. அந்த மணத்தைத் தொடர்ந்து வழக்கம்போலச் சர்க்கரை வந்தால் முன்போலத் துடிப்பதில்லை. எதிர்பார்த்தது கிடைத்தால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

நினைவு உடனே உறுதியாவதில்லை. ஒரே ஒரு முறை பயிற்சி கொடுத்த சில நிமிடங்களுக்குள் காளான் உடலத்தை மெல்லிய குளிர்ந்த ஊசியால் தொட்டால் அந்த நினைவு அழிகிறது; தாமதித்துத் தொட்டால் அழிவதில்லை. ராண்டால்ஃப் மென்செல் குழுவினர் இதைக் காட்டினார்கள். இடைவெளி விட்டு மூன்று முறை பயிற்றினால் நினைவு நாள்கணக்கில் நிற்கும், ஆனால் அதற்குப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும். புரத உற்பத்தியைத் தடுத்தால் அன்றைய நினைவு இருக்கும், சில நாள் கழித்து இருக்காது.

பெட்டியை நகர்த்தும்போது

மணத்தை மட்டுமல்ல, இடத்தையும் தேனீ கற்கிறது. முதல் சில வாரம் கூட்டுக்குள் வேலை செய்துவிட்டு முதன்முறை வெளியே வரும் தேனீ, நேராகப் பறந்து போவதில்லை. வாசலைப் பார்த்தபடி திரும்பி, இடவலமாக ஆடி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். பெட்டியின் இடத்தை அது மனப்பாடம் செய்யும் நேரம் அது. வெளிவேலைக்குப் போகும் தேனீக்களின் காளான் உடலத்தில் நியூரான்களின் இணைப்புகள் இருக்கும் பகுதி பெரிதாகிறது என்று 1993இல் வெளியான ஆய்வு காட்டியது.

தேன்பெட்டியை ரப்பர் தோட்டத்துக்கு ஏற்றிப் போகிறவர்கள் இரவில், வாசலை அடைத்துக் கொண்டுபோவதும், நகர்த்தினால் அரை மீட்டருக்குள் நகர்த்து, இல்லையென்றால் சில கிலோமீட்டர் தள்ளி வை என்பதும் இதனால்தான். இருநூறு மீட்டர் தள்ளி வைத்தால் தேனீ தனக்குப் பழக்கமான பாதையில் சிக்கி, பழைய இடத்துக்கே திரும்பி, வெற்று நிறுத்துக்காலைச் சுற்றும். தெரியாத ஊருக்குப் போய்விட்டால் புதிதாகக் கற்கும்.

வெளியே செய்ய ஒரு நிறப் பரிசோதனை

கார்ல் வான் ஃபிரிஷ் 1914இல் வெளியிட்டது. நீல அட்டை ஒன்றின்மேல் கண்ணாடித் தட்டில் சர்க்கரைத் தண்ணீர், சுற்றிலும் பல அடர்த்தியில் சாம்பல் நிற அட்டைகள்மேல் வெறும் தண்ணீர். தேனீ நிறம் அறியாமல் வெளிச்ச அளவை மட்டும் அறிந்தால், ஏதோ ஒரு சாம்பலை நீலத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டும், குழப்பவில்லை. சிவப்பை மட்டும் கரும்சாம்பலோடு குழப்பியது. தேனீக்குச் சிவப்பு தெரியாது, புறஊதா தெரியும்.

இதைச் செய்யும்போது அட்டைகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் தேனீ இடத்தைக் கற்கும். சோதனை நேரத்தில் எல்லாத் தட்டுகளும் புதிதாக, காலியாக இருக்க வேண்டும். வந்துபோன தேனீ தட்டில் தன் மணத்தை விட்டுச் செல்கிறது. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு வராது. ரப்பர் தேன் சீசனில் முயல வேண்டாம்: தோட்டமெங்கும் இனிப்பு கசியும்போது உங்கள் தட்டை ஒரு தேனீயும் திரும்பிப் பார்க்காது. தேன் வரத்து இல்லாத ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை விட்டிருக்கும் நாள்களே தோது. ஆனால் பெட்டிக்கு மிக அருகில் வைத்தால், தேன் வரத்து இல்லாத இந்தக் காலத்தில் கொள்ளைத் தேனீக்கள் கூட்டையே தாக்கும். முப்பது மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பூச்சிமருந்துக் கேள்விக்கும் நாக்கு நீட்டும் முறையையே பயன்படுத்துகிறார்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்துகள், நியூரான்களுக்கிடையே செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கின்றன; காளான் உடல நியூரான்களும் இந்த ஏற்பிகளைப் பயன்படுத்துகின்றன. சாகாத அளவு மருந்து உண்ட தேனீயும் சர்க்கரைக்கு நாக்கை நீட்டும். பறக்கும், பார்வைக்கு நலமாகவே தெரியும். மணத்தைக் கற்பதில் மட்டும் பின்தங்கும். செத்த தேனீக்களை எண்ணி மருந்தின் பாதுகாப்பை முடிவு செய்தால் இது கணக்கில் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இத்தகைய மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. இதை நம் ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் மருந்தில்லாத தேனீக்களில் நம்பகமான அளவீட்டைப் பெற வேண்டும். பெட்டி நலமாக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்: 1990களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியின் அடுக்குத் தேனீக்களை வாரிக்கொண்டு போன, புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. புழு அறைகளில் தலை தூக்கிய படகு வடிவில் செத்த புழுக்கள் தெரிந்தால் அந்தப் பெட்டியிலிருந்து தேனீ எடுக்காதீர்கள்.